சாவகர் உணவு நோன்பு: எல்லை எது, ஏணி எது?

மதுரையில், ஆயர் முதுமகள் மாதரியின் இல்லத்தில் சமைக்கப்பட்ட ஓர் உணவைச் சிலப்பதிகாரம் விரித்துரைக்கிறது. சமைத்தவள் கண்ணகி, உண்டவன் கோவலன். அதுவே அவனுடைய இறுதி உணவாக அமைந்தமையால் தமிழுலகம் அக்காட்சியை அவலச்சுவை நிறைந்ததாகவே நினைவிற் கொண்டுள்ளது. சமண இல்லறத்தார் அதனை வேறொரு காரணம் பற்றியும் ஊன்றிப் படித்தல் தகும். கோவலன் சாவக நோன்பு பூண்டவன் என்பதை அறிந்த மாதரி, பகற்பொழுதிலேயே உணவு ஆக்குதற்கேற்ற நற்கலங்களை விரைந்து தருமாறு பணிக்கிறாள். ஆயர்குலப் பெண்டிர் புதிய கலங்களைக் கொணர்கின்றனர். பலாக்காய், வெள்ளரிக்காய், மாதுளங்காய், மாங்கனி, வாழைக்கனி, சாலி அரிசி ஆகியவற்றோடு தம் வீட்டுப் பாற்பயனும் தருகின்றனர்.

சமண இல்லறத்தான் ஒருவனின் அடுக்களையை இத்துணை நுணுக்கமாகக் காட்டும் இடம் தமிழிலக்கியத்தில் அரிது. அங்கே ஊன் இல்லை என்பதைச் சொல்லவும் வேண்டுவதில்லை. பொழுது சாயுமுன் உண்ண வேண்டும் என்னும் நியமத்தைச் சமணர் அல்லாத ஓர் ஆய்மகளே அறிந்து மதித்திருக்கிறாள். பாலின் பயனோ தயக்கமின்றி அவ்விலையில் இடம்பெறுகிறது. இம்மூன்றாம் செய்தியே இன்று பல இல்லங்களில் வினாவாகி நிற்கிறது.

இன்றைய வினா

தமிழ்ச் சமணக் குடும்பங்களின் இளைய தலைமுறையினருள் சிலர் அண்மைக்காலத்தில் பால், தயிர், நெய் ஆகியவற்றையும் விலக்கத் தொடங்கியுள்ளனர். ஆங்கிலத்தில் 'வீகன்' என்றும், தமிழில் புதிதாக 'நனிசைவம்' என்றும் வழங்கப்படும் நெறி அது. 1944ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் டொனால்டு வாட்சன் முதலிய சிலர் ஒரு சங்கம் நிறுவி, அப்பெயரையும் படைத்தனர். பால், முட்டை, தேன், தோல் முதலாக விலங்கிலிருந்து பெறப்படும் எப்பொருளையும் இயன்றவரை தவிர்ப்பது அந்நெறியின் உட்கிடை.

இதனால் விழா விருந்துகளில் சிறுசிறு மனத்தாங்கல்கள் எழுகின்றன. பாட்டி அன்போடு ஊற்றும் மோரைப் பெயர்த்தி மறுக்கிறாள். "கன்றை ஏமாற்றிக் கறந்த பாலை உண்டுவிட்டு அகிம்சை பேசலாமா?" என்று இளையோர் வினவுகின்றனர். "ஆயிரம் ஆண்டுகளாகச் சாவகர் உண்ட பாலை இன்று குற்றமென்பது மேனாட்டு மோகம்" என்று முதியோர் விடையிறுக்கின்றனர். ஒரு சாரார்க்கு மரபு பொய்வேடமாகத் தோன்றுகிறது. மறுசாரார்க்குப் புதுநோன்பு அவமதிப்பாகத் தோன்றுகிறது. மக்கள் தொகையில் சிறிய ஒரு சமுதாயம் தன் பந்தியிலேயே இரண்டாகப் பிரிவது நன்றன்று. உணவு நோன்பை எத்துணைக் கடுமையாகப் பேண வேண்டும் என்பதற்கு முன்னோர் கண்ட விடையை வரலாற்றில் தேடுவது ஆதலின் இன்றியமையாததாகிறது.

ஒரே வழி, இருவேறு நோன்பு

கோவலனோடும் கண்ணகியோடும் மதுரைக்கு வழிநடந்தவர் கவுந்தியடிகள். அவர் துறவி, கோவலன் இல்லறத்தான். புறப்படும்போதே அடிகள் வழியின் இடர்களை எடுத்துரைக்கிறார். நீர்க்கரை வழியே செல்லின் நண்டும் நத்தையும் காலடியில் மிதிபடக்கூடும், அத்துன்பம் தாங்கவொண்ணாதது என்பது அவருடைய கவலை. கோவலன் அவ்வாறு கவன்றதாக நூல் கூறவில்லை. அடிகளும் அதன்பொருட்டு அவனைக் கடியவில்லை. ஒரே வழியில், ஒரே அறத்தை நோக்கி இருவரும் நடக்கின்றனர். ஏற்ற நோன்பின் அளவு மட்டும் வேறு.

இவ்வேறுபாட்டையே சமண நூல்கள் மகாவிரதம், அணுவிரதம் என்று வகுத்தன. கொல்லாமை, பொய்யாமை, கள்ளாமை, பிரமசரியம், பற்றின்மை என்னும் ஐந்தினையும் முற்றும் கைக்கொள்வது துறவியின் மகாவிரதம். அவற்றையே அளவோடு கைக்கொள்வது சாவகரின் அணுவிரதம்.

தமிழ்நாட்டில் இந்நோன்பின் உச்சியைக் காண விழைவோர் செஞ்சிக்கு அருகிலுள்ள திருநாதர்குன்றுக்குச் செல்லலாம். இருபத்துநான்கு தீர்த்தங்கரர் திருவுருவங்கள் செதுக்கப்பெற்ற அக்குன்றில், சந்திரநந்தி என்னும் ஆசிரியர் 57 நாள் உண்ணாநோன்பு நோற்றதைக் கூறும் பழைய வட்டெழுத்துக் கல்வெட்டு உள்ளது. அது ஏறத்தாழ 6ஆம் நூற்றாண்டினது என்பர். அக்குன்றைச் சூழ்ந்த ஊர்களில் வாழ்ந்த சாவகர்களோ உழுது, விதைத்து, சமைத்து, உண்டு வாழ்ந்தனர். உண்பவர் உண்ணாதவரைப் போற்றினர். உண்ணாதவர் உண்பவரைச் சமயத்திற்குப் புறம்பானவராகக் கருதவில்லை. ஒரே அளவுகோலை எல்லார்க்கும் வைத்திருப்பின், இவ்விருவகையாரும் ஒரே சங்கத்தில் நூற்றாண்டுகள் பலவாகச் சேர்ந்திருத்தல் இயலாது.

அசையாத அடித்தளம்

அளவுகள் பல என்பதால் எதுவும் தகும் என்று கொள்ளலாகாது. இல்லறத்தார்க்கும் அசையாத அடித்தளம் ஒன்று உண்டு. காஞ்சியோடு தொடர்புடையவராகப் போற்றப்படும் சமந்தபத்திரர் இயற்றிய இரத்தின கரண்டக சிராவகாசாரம் அதனை எட்டு மூலகுணங்கள் என்கிறது. ஐந்து அணுவிரதங்களோடு கள், ஊன், தேன் ஆகிய மூன்றையும் விலக்குதலே அவ்வெட்டு. ஆல், அத்தி முதலிய ஐவகை மரங்களின் கனிகளை விலக்குதலையும் மூலகுணமாகக் கொண்ட ஆசிரியர் உண்டு. அக்கனிகளுக்குள் நுண்ணுயிர்கள் நிறைந்திருத்தலே காரணம். இரத்தின கரண்டகத்தின் நெறியைத் தமிழில் குறள் யாப்பில் தந்த நூல் அருங்கலச்செப்பு. 'மணிகள் வைத்த பேழை' என்னும் பெயர்ப்பொருளும் இரு நூல்களுக்கும் ஒன்றே.

தேன் இப்பட்டியலில் தொடக்கம் முதலே இடம்பெற்றிருப்பது கருதத்தக்கது. பிறவுயிர் தனக்கெனச் சேர்த்ததை, அதன் கூட்டை அழித்துக் கவர்தல் சாவகர்க்கு ஆகாது. இருபதாம் நூற்றாண்டில் மேனாட்டார் கண்ட நெறியும் தேனை விலக்குகிறது. இளையோர் புதிதெனக் கொண்டுவரும் ஒரு செய்தி பாட்டியின் அடுக்களையில் முன்னரே இருந்ததை இரு தலைமுறையினரும் நினைவிற் கொள்ளலாம்.

ஊனைப் பொறுத்தவரை தமிழ் அறநூல்கள் ஐயத்திற்கு இடம் வைக்கவில்லை. தமிழ்ச் சமணர் தம் ஆசிரியர் குந்தகுந்தரோடு தொடர்புபடுத்திப் போற்றும் திருக்குறளில், புலால் மறுத்தல் என்னும் அதிகாரம் வாங்குவோனின் பங்கைத் தெளிவாக்குகிறது. உண்போர் இலரெனின் விலைக்காகக் கொன்று விற்போரும் இலராவர் என்பது அவ்வதிகாரத்தின் வாதங்களுள் ஒன்று. நீலகேசியும் இவ்வழக்கை விரிவாக நடத்துகிறது. தனக்கெனக் கொல்லப்படாத விலங்கின் ஊனை உண்பதில் குற்றமில்லை என்ற பௌத்தர் கூற்றை அந்நூலின் தலைவி மறுக்கிறாள். உண்பவன் விரும்புவதனாலேயே கொல்பவன் கொல்கிறான் என்பது அவள் கட்சி. பேராசிரியர் அ. சக்கரவர்த்தி நயினார் 1936ஆம் ஆண்டில் சமயதிவாகரர் உரையோடு பதிப்பித்த பின்னர், அந்நூல் தமிழறிஞர் பலர் கையில் கிடைத்தது.

சமந்தபத்திரர் கொல்லாமை அணுவிரதத்தை வரையறுக்கும்போது, தானே செய்தல், பிறரைக் கொண்டு செய்வித்தல், செய்வதற்கு உடன்படுதல் என்னும் மூன்றையும், மனம், மொழி, மெய் என்னும் மூன்றோடு உறழ்ந்து கூறுகிறார். வாங்குவோன் கைகழுவிவிட இடமில்லாத வரையறை இது.

ஏணியின் படிகள்

அடித்தளத்திற்கு மேலே உள்ளவை படிகள். சாவகனின் உயர்ச்சியைப் பதினொரு நிலைகளாகச் சமந்தபத்திரர் வகுத்துள்ளார். உயிர்ப்புள்ள பச்சைக் கிழங்கு, காய் முதலியவற்றை அவ்வாறே உண்ணாமை ஐந்தாம் நிலையில் வருகிறது. இரவுணவை முற்றும் துறத்தல் ஆறாம் நிலையில் வருகிறது. தனக்கென ஆக்கிய உணவையும் ஏலாது, பிறர் ஈந்ததை உண்டு வாழ்தல் பதினோராம் நிலை. முதற்படியில் நிற்பவனும் சாவகனே. பதினோராம் படியில் நிற்பவனும் சாவகனே.

நுகர்ச்சிப் பொருள்களுக்கு அளவு செய்துகொள்ளும் விரதம் ஒன்றும் உண்டு. போகோபபோக பரிமாணம் என்பது அதன் பெயர். சிறு பயனுக்காக மிகுதியான உயிர்க்கேடு விளைவிப்பவற்றை விலக்குக என்பது அதன் விதி. எடுத்துக்காட்டாகச் சமந்தபத்திரர் தரும் பட்டியலில் முள்ளங்கி, பச்சை இஞ்சி, வெண்ணெய், வேப்பம்பூ, தாழம்பூ ஆகியவை உள்ளன. சித்திரை முதல் நாளில் வேப்பம்பூப் பச்சடி பரிமாறப்படும் தமிழ்நாட்டில் இப்பட்டியலைப் படிப்போர் சற்றே திகைக்கக்கூடும். பொருளின் பெயரைவிட அதன் பின்னுள்ள கணக்கே முதன்மையானது: எவ்வளவு பயன், அதற்காக எத்துணை உயிர்க்கு ஊறு? வெண்ணெய் விலக்கப்பட்டு, உருக்கிய நெய் ஏற்கப்பட்டதும் இக்கணக்கினாலேயே. கடைந்து வைத்த வெண்ணெயில் நுண்ணுயிர்கள் தோன்றும் என்பது முன்னோர் கருத்து.

இவ்விரதத்தைக் கால அளவால் இரண்டாகப் பிரித்ததும் அந்நூலே. வாழ்நாள் முழுதும் கொள்வது யமம். ஒரு நாள், ஓர் இரவு, ஒரு பக்கம், ஒரு திங்கள், ஆறு திங்கள் என எல்லை வைத்துக் கொள்வது நியமம். அட்டமி, சதுர்த்தசி நாள்களிலும் தசலட்சணப் பத்து நாள்களிலும் சாவகர் சிலவற்றைத் துறந்து வருவது இந்நியமத்தின் வழிப்பட்டதே. விலக்கத்தக்கதை விலக்குவது மட்டுமன்றி, உண்ணத்தக்க பொருளையும் அறிந்து உறுதிகொண்டு துறப்பதே விரதம் என்றும் அந்நூல் கூறுகிறது. கிடைக்காமையாலோ சுவையின்மையாலோ உண்ணாதிருப்பது விரதமாகாது.

பாலைத் துறப்பதற்கும் இவ்வேணியில் பழைய இடம் உண்டு. புறத்தவம் ஆறனுள் ரஸபரித்தியாகம் ஒன்று. பால், தயிர், நெய், எண்ணெய், இனிப்பு, உப்பு என்னும் ஆறு சுவைப்பொருள்களுள் ஒன்றையோ பலவற்றையோ துறத்தல் அத்தவம். ஆதலின், பாலை விட்டொழித்த இளைஞரை மேனாட்டு மோகத்தார் என்று இகழ்வது பொருந்தாது. அவர் அறிந்தோ அறியாமலோ முன்னோர் வகுத்த தவமொன்றின் வாயிலில் நிற்கிறார். அதுபோலவே, அது தவமாக வைக்கப்பட்டதேயன்றி, அனைவர்க்கும் உரிய மூலகுணமாக வைக்கப்படவில்லை என்பதை அவ்விளைஞரும் உணர்தல் வேண்டும்.

மாவினால் செய்த கோழி

படிகள் பலவாயினும் எல்லாப் படிகளிலும் நோக்கப்படுவது உள்ளம். ஐஞ்சிறு காப்பியங்களுள் ஒன்றாகிய யசோதர காவியம் இதனை மறக்கவொண்ணாத கதையாகத் தந்துள்ளது. தீக்கனாவின் தீங்கு நீங்கத் தெய்வத்திற்குப் பலியிடுமாறு யசோதரனை அவன் தாய் சந்திரமதி வற்புறுத்துகிறாள். உயிர்க்கொலைக்கு அஞ்சிய அவன் மாவினால் கோழியொன்று செய்து பலியிடுகிறான். அங்கே எவ்வுயிரும் சாகவில்லை. ஆயினும் கொல்வதாகிய எண்ணம் நிகழ்ந்தமையால் தாயும் மகனும் விலங்கு, பறவைப் பிறவிகள் பல எடுத்து உழல்கின்றனர்.

இக்கதையின் மறுபக்கம் உழவனைப் பற்றியது. வலை வீசி மீனொன்றும் சிக்காத நாளிலும் மீனவன் வினையேற்கிறான். ஏர் உழும்போது உயிர்கள் மடிந்தாலும் உழவனுக்கு அவ்வினை இல்லை என்பது சமணச் சான்றோர் கூறும் உவமை. முன்னவன் கொல்லும் கருத்துடையவன். பின்னவன் பயிர் விளைக்கும் கருத்துடையவன். கொலையைச் சங்கற்பி, ஆரம்பி, உத்தியோகி, விரோதி என நான்காகப் பகுத்து, கருதிச் செய்யும் சங்கற்பியை இல்லறத்தான் முற்றும் விட வேண்டும் என்றும், மனைவினையிலும் தொழிலிலும் நேர்வனவற்றை இயன்றவரை குறைக்க வேண்டும் என்றும் பெரியோர் விதித்தனர். வந்தவாசி, ஆரணி, செய்யாறு, திண்டிவனம் வட்டாரங்களில் ஏர் பிடித்து வாழ்ந்த தமிழ்ச் சமணர்க்கு இப்பகுப்பு ஏட்டளவில் நின்ற தத்துவம் அன்று; அவர்தம் அன்றாட வாழ்க்கைக்குத் துணைநின்ற விளக்கம்.

எச்சரிக்கையின்மையோடு கூடிய செயலால் உயிர்க்கு ஊறு செய்தலே இம்சை என்று தத்துவார்த்த சூத்திரம் வரையறுக்கிறது. அறியாமல் நேர்ந்ததற்கு இது ஆறுதல். ஆனால் அறிந்துகொள்ள வாய்ப்பிருந்தும் அறிய மறுத்தவனுக்கு இதே வரையறை எச்சரிக்கையாகிறது.

கன்றின் பங்கு

பாலைப் பற்றிய வழக்கினை இவ்விடத்திலேயே தீர்க்க வேண்டும். கொல்லாமை அணுவிரதத்திற்கு நேரும் வழுக்களாக ஐந்தினை நூல்கள் எண்ணுகின்றன: உயிர்களைக் கட்டிவைத்தல், அடித்தல், உறுப்பை அறுத்தல், தாங்கவொண்ணாப் பாரம் ஏற்றுதல், உணவையும் நீரையும் தடுத்தல். இவ்வைந்தும் பெரும்பாலும் வீட்டு விலங்குகளை மனத்திற்கொண்டு சொல்லப்பட்டவை என்பது படித்த அளவிலேயே விளங்கும். பசுவையும் எருதையும் வைத்து வாழ்ந்தவர்க்காக எழுதப்பட்ட சட்டம் இது.

ஐந்தாம் வழுவை நோக்குக. உணவைத் தடுத்தல் என்பது கன்றுக்கும் பொருந்தும். பால் உண்ணலாமா என்ற வினாவிற்கு நூல் நேரே விடை கூறவில்லை எனினும், எவ்வாறு கறக்கப்பட்ட பால் என்ற வினாவை எழுப்பிவிட்டது. கன்று உண்டு எஞ்சியதைக் கறந்து, காளைக்கன்றை ஏருக்கு வளர்த்து, கறவை வற்றிய பசுவையும் கொட்டிலில் வைத்துப் பேணிய இல்லத்தில் இவ்வழு நேராதிருக்கக்கூடும். மாதரியின் மனையில் கண்ணகி பெற்ற பாற்பயனைச் சாவகர் ஐயமின்றி உண்டதும், ஜினாலயங்களில் பாலபிடேகம் நிகழ்ந்து வந்ததும் அத்தகைய கொட்டில்களை நம்பியே எனலாம்.

அக்கொட்டில் இன்று பல ஊர்களில் இல்லை. 1970ஆம் ஆண்டில் தொடங்கிய வெண்மைப் புரட்சித் திட்டம் நாட்டின் பால் வளத்தைப் பெருக்கியது. சிற்றூர்க் குடும்பங்கள் பலவற்றிற்கு வருவாயும் தந்தது. அக்காலத்திலேயே உழவு இயந்திரம் பரவி எருதின் வேலையைப் பறித்தது. வேலையற்ற காளைக்கன்றைப் பேணுவார் குறைந்தனர். கறவை நின்ற பசு விற்கப்பட்டு எங்கே சென்றது என்பதை உறையில் அடைத்த பாலை வாங்குவோர் அறியார். செய்வித்தலும் உடன்படுதலும் குற்றமென்று கூறிய நூலை மதிப்பவர்க்கு, இவ்வறியாமை நெடுநாள் புகலாக இருத்தல் இயலாது. இளையோரின் வினாவில் உள்ள உண்மை இது. அவ்வினா மரபின் பகையாக எழவில்லை. மரபின் ஐந்தாம் வழுவே அவர் வாயால் மீண்டும் பேசுகிறது.

இவ்வினாவிற்குச் சாவகர் பலவாறு விடை காணலாம். பாலை முற்றும் துறக்கலாம், நியமமாகச் சில நாள் துறக்கலாம், அளவைக் குறைக்கலாம், கன்றையும் முதிய பசுவையும் பேணுவோரிடமிருந்து மட்டும் பெறலாம், கோசாலைகளுக்குத் துணைநிற்கலாம். வினாவையே எழுப்பலாகாது என்பது மட்டும் விடையாகாது.

காந்தியடிகளும் ஆட்டுப்பாலும்

ஏற்ற நோன்பை எவ்வாறு பொருள் கொள்வது என்பதற்கு அண்மைக்கால வரலாறு ஒரு சான்று தருகிறது. 1888ஆம் ஆண்டில் காந்தியடிகள் இலண்டனுக்குப் புறப்படுமுன், மது, மாது, ஊன் ஆகியவற்றைத் தீண்டுவதில்லை என்று தாயின் முன்னிலையில் சூளுரைத்தார். அச்சூளை ஏற்பித்தவர் பேசார்ஜி சுவாமி என்னும் சமணத் துறவி. இலண்டனில் 'ஊன்' என்பதற்கு மூவேறு பொருள் கூறப்படுவதைக் காந்தியடிகள் கண்டார். விலங்கு, பறவைகளின் தசை மட்டுமே ஊன் என்றனர் சிலர். மீன் முதலிய எல்லா உயிர்களின் தசையும் ஊன் என்றும் முட்டை ஊனன்று என்றும் கூறினர் வேறு சிலர். முட்டையும் பாலும் அடங்கும் என்றனர் மற்றுஞ் சிலர். சிறிது காலம் முட்டை உண்ட அவர், பின்பு தெளிந்து விட்டொழித்தார். சூளை ஏற்பித்த தாய் எப்பொருளில் கொண்டாரோ அப்பொருளே தம்மைக் கட்டுப்படுத்தும் என்று முடிவு செய்தார்.

பாலைப் பற்றிய எண்ணத்தை அவருள் முதலில் விதைத்தவர் இராய்சந்திரர் என்னும் சமணப் பெரியார். கறவை மாடுகள் படும் கொடுமைகளைப் படித்தறிந்ததும் துணையாக, 1912ஆம் ஆண்டில் தென்னாப்பிரிக்காவின் டால்ஸ்டாய் பண்ணையில் காந்தியடிகளும் நண்பர் காலன்பாக்கும் பாலைத் துறந்தனர். 1918ஆம் ஆண்டில் கடும் வயிற்றுக்கடுப்பால் அவர் உயிர்க்கு அஞ்சும் நிலை உண்டாயிற்று. பசுவின் பாலும் எருமைப்பாலுமே சூளில் அடங்கும், ஆட்டுப்பாலுக்குத் தடையில்லை என்று கஸ்தூரிபா வழிகாட்டினார். அவர் உடன்பட்டார், பின்னர் ஆட்டுப்பாலே அவர் உணவாயிற்று. எனினும், சூளின் சொல்லைக் காத்து அதன் உயிரை விட்டுவிட்டதாகவே தம் சத்திய சோதனையில் அவர் வருந்தி எழுதியுள்ளார்.

இந்நிகழ்ச்சியில் இருவர்க்கும் பாடம் உண்டு. நோன்பைத் தளர்த்த நேர்ந்தபோது காந்தியடிகள் அதனை வெற்றியாகக் காட்டவில்லை. தளர்ச்சி என்றே ஒப்புக்கொண்டார். அவர் உயிர் பிழைத்ததற்காக அவரை அகிம்சையின் வழியிலிருந்து விலகியவர் என்று எவரும் ஒதுக்கவும் இல்லை. தமக்குக் கடுமையும் பிறர்க்குக் கனிவும் என்னும் முறை அது.

சமண நூல்களும் ஆற்றலின் எல்லையை மறந்தனவல்ல. தீர்த்தங்கர நாமகர்மத்திற்குக் காரணமான பதினாறு பாவனைகளைக் கூறும் தத்துவார்த்த சூத்திரம், தியாகம், தவம் என்னும் இரண்டை மட்டும் 'ஆற்றலுக்கு ஏற்ப' என்ற அடைமொழியோடு வைத்துள்ளது. இங்கிலாந்தின் நனிசைவச் சங்கமும் தன் நெறிக்கு 'இயன்றவரை' என்றே வரம்பு வைத்திருப்பதை ஒப்புநோக்கலாம். மகவு சுமப்போர், குழந்தைகள், முதியோர், நோயாளர் ஆகியோர்க்கு ஆற்றலின் அளவு வேறு. பாலையும் விட்டவர்க்குப் பி12 உயிர்ச்சத்து இயற்கைத் தாவர உணவால் போதிய அளவு கிடைப்பதில்லை. அதனை மருத்துவர் அறிவுரைப்படி தனியே பெறல் வேண்டும். உடலைப் பேணிச் செய்யும் நோன்பே நெடுநாள் நிலைக்கும்.

வழுக்கியவரைத் தாங்குதல்

நற்காட்சியின் எட்டு உறுப்புகளுள் உபகூகனம், ஸ்திதிகரணம் என இரண்டு உண்டு. பிறர் குற்றத்தைப் பறைசாற்றாது மறைத்துத் திருத்துதல் முன்னது; நெறியில் தளர்வோரை நிலைபெறச் செய்தல் பின்னது. இவற்றிற்கு எடுத்துக்காட்டாக இரத்தின கரண்டகம் ஜினேந்திர பக்தனையும் வாரிசேணனையும் பெயர் சுட்டுகிறது. நோன்பியாக வேடமிட்டு வந்தவன் ஜினாலயத்து மணியைத் திருடிப் பிடிபட்டபோது, சமயத்திற்குப் பழி நேராவண்ணம் ஜினேந்திர பக்தன் அவனைப் பலர் முன் காத்து, தனிமையில் இடித்துரைத்தான். வாரிசேணன், துறவில் மனம் ஊன்றாத தன் நண்பனைத் தன் அரண்மனைக்கே அழைத்துச் சென்று, தான் துறந்து வந்த செல்வத்தைக் காட்டி, அவனே நாணித் தெளியுமாறு செய்தான். இருவரும் வைதவரல்லர்; வழிகாட்டியவர்.

உணவு நோன்பு குறித்துப் பந்தியில் எழும் பூசலுக்கு இவ்விரு கதைகளே மருந்து. கடுநோன்பு ஏற்றவர் அதனைத் தம் ஏணியாகக் கொள்ளலாம். பிறர் முதுகிற்குக் கோலாகக் கொள்ளலாகாது. எளிய நோன்பினர் அதனைத் தம் படியாகக் கொள்ளலாம். மேற்படியில் ஏறுவோரின் காலைப் பற்றி இழுக்கலாகாது. மோரை மறுக்கும் பெயர்த்திக்குப் பாட்டி எலுமிச்சை நீர் கலந்து தருவாளாயின் அது உபசாரம்; ஐந்தாம் வழுவின் பொருளைப் பெயர்த்தி பாட்டியிடம் பணிவோடு கேட்டறிவாளாயின் அது சாத்திரக் கல்வி.

எத்துணைக் கடுமை வேண்டும் என்ற வினாவிற்குத் தமிழ்ச் சமண வரலாறு தரும் விடை இதுவே. கள், ஊன், தேன் ஆகியவற்றை விலக்கலும் கருதிக் கொல்லாமையும் எவர்க்கும் தளராத எல்லை. அதற்கு மேற்பட்டவை ஆற்றலுக்கேற்ப, அறிந்து, கால அளவு வகுத்து ஏறும் படிகள். ஏற்ற நோன்பைச் சொல்லளவில் மட்டுமின்றிக் கருத்தளவிலும் காத்தல் கடமை. நின்ற படியிலேயே நின்றுவிடாது, ஆண்டுதோறும் ஒரு படியேனும் ஏற முயல்தல் அழகு. பத்து அறங்களுள் உத்தம தவமும் உத்தம தியாகமும் அடுத்தடுத்து நிற்கும் பெருவிழா நாள்களில், ஒவ்வோர் இல்லமும் தனக்கேற்ற ஒரு நியமத்தைத் தானே தேர்ந்து ஏற்குமாயின், மாதரி மனையில் புதுக்கலத்தில் ஆக்கிய அந்தப் பகலுணவின் தூய்மை தமிழ்ச் சமண அடுக்களைகளில் என்றும் குன்றாது விளங்கும்.

கொல்லாமை அறம் ஓங்குக!